உச்சரிப்பு மெஷின் போட்ட மார்க்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், சீனாவின் ஹூனான் மாகாணத்து மூன்று பாலத் தொடக்கப்பள்ளியில் உலகத்தின் மிகப் பெரிய பிரச்சினை தீர்ந்துவிட்டது. போர் அல்ல, பஞ்சம் அல்ல. ஐந்தாம் வகுப்பின் ஆங்கில உச்சரிப்பு.

தீர்த்து வைத்தது ஒரு மெஷின். சோறு வடிக்கும் குக்கர் அளவுதான் இருக்கும். மைக்கில் ஓர் ஆங்கில வாக்கியத்தை வாசித்தால், திரையில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் விழும். தலைமையாசிரியர் ஷென் அதைச் சிவப்புத் துணியால் மூடி, திங்கட்கிழமைக் கொடியேற்றத்தின்போது தம் கையாலேயே திறந்து வைத்தார்.

"இனிமே நம்ம பசங்க வாயைத் திறந்தா லண்டன்காரங்க வாயை மூடிக்கணும்!" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். லூ நிங்கும் தட்டினாள். பத்து நிமிடம் கழித்து அவள் முறை வந்தது. அழகாக, நிதானமாக வாசித்தாள்.

ஐம்பத்தெட்டு.

லூ நிங் திரையை இரண்டு முறை பார்த்தாள். எண் மாறவில்லை. ஓராண்டாகப் பள்ளி வானொலியில் வியாழன்தோறும் மதியம் ஆங்கிலச் செய்தி வாசிப்பவள் அவள்தான். செய்தி பெரிதாக ஒன்றும் இருக்காது. மழை வரும், நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள், இப்படித்தான். ஆனாலும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே அவளுக்கு வாரம் முழுவதும் ஓடும்.

"தொண்ணூறுக்குக் கீழ வாங்கினவங்க இனி வானொலி மைக்கைத் தொடக் கூடாது. வியாழக்கிழமை மதியம் பட்டியல் ஒட்டப்படும்" என்றார் ஷென்.

தொண்ணூற்றெட்டு வாங்கியவன் பாவ் கை. அவளுடைய பெஞ்சுத் தோழன். லூ நிங்குக்கு இது அடுத்த அதிர்ச்சி.

"டேய், உனக்கு எப்படிடா தொண்ணூத்தெட்டு?"

"காலையில வகுப்புல எல்லாரும் சேர்ந்து பாடம் கத்துறோம்ல? அதே மாதிரிதான். ஒரே ராகம், ஒரே வேகம், தொண்டை கிழியணும். அர்த்தத்தைப் பத்தி யோசிச்சே, மார்க் போச்சு."

"நீ வாசிச்சது என்னன்னாவது தெரியுமா?"

"அது எதுக்கு? மெஷின் கேட்கலையே!"

அன்று மாலை லூ நிங் சமையலறையில் நின்று, ஒரே ராகத்தில், தொண்டை கிழியக் கத்திப் பார்த்தாள். மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்த அப்பா கத்தியைக் கீழே போட்டார். மாடி வீட்டு அத்தை ஓடி வந்து கதவைத் தட்டினார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. இங்கிலீஷ்" என்றார் அப்பா.

மறுநாள் மெஷின் அவளுக்குப் போட்டது அறுபத்தொன்று. தொண்டை மட்டும் கட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை வந்தது. இங்கிலாந்தின் வடக்கே மலைப்பாங்கான ஓர் ஊரிலிருந்து திருமதி டோரீன் என்ற பாட்டு டீச்சர் பள்ளியைப் பார்க்க வந்தார். மண்டபத்தில் பள்ளியே திரண்டு உட்கார்ந்திருந்தது. ஆங்கில ஆசிரியை குவோ விருந்தினருக்குப் பக்கத்தில் நின்றார்.

"இப்போ நம்ம விருந்தினர் வாசிப்பாங்க. நூறு மார்க்னா எப்படி இருக்கும்னு எல்லாரும் நல்லாப் பார்த்துக்கோங்க" என்றார் ஷென்.

டோரீன் சிரித்துக்கொண்டே மைக்கில் வாசித்தார். "காலை வணக்கம். இன்று வானம் தெளிவாக இருக்கிறது."

ஐம்பத்து நான்கு.

மூன்றாம் வகுப்பில் யாரோ நழுவவிட்ட தண்ணீர் பாட்டில் மேடைவரை உருண்டு வந்தது.

ஷென் மெஷினைத் தட்டினார். "இன்னும் சூடாகல. மறுபடி வாசிக்கச் சொல்லுங்க."

டோரீன் மறுபடி வாசித்தார். நாற்பத்தொன்பது.

"சூடானதும் இன்னும் குறையுதே!" என்றான் பாவ் கை.

ஷென் குவோ டீச்சரின் காதருகே குனிந்தார். "இவங்க நிஜமாவே இங்கிலாந்துதானா? பாஸ்போர்ட்டைப் பார்த்தீங்களா?"

"மெதுவா சார். அவங்களுக்குக் கொஞ்சம் சீனம் புரியும்."

புரிந்துவிட்டது. டோரீனின் முகம் சுருங்கியது. அறுபது வருடம் பேசிய சொந்த மொழியில் ஒரு குக்கர் தம்மை ஃபெயிலாக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

லூ நிங்குக்கு அந்த நிலைமை நன்றாகத் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து அவளும் அதில்தான் இருந்தாள். அவள் எழுந்து மேடைக்குப் போனாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்:

"கவலைப்படாதீங்க அத்தை. எனக்கும் முதல்ல ஐம்பத்தெட்டுதான். உங்க ஊர்ல மழை பெய்யுமா?"

டோரீன் கண்களை அகல விரித்தார். "பெய்யுமாவா? நிக்கவே நிக்காதும்மா. எங்க ஊர் ஆடுங்க குடை கேட்டு அழுவுது!"

லூ நிங் சிரித்தாள். டோரீனும் சிரித்தார். ஐம்பத்தெட்டு கேட்டது, நாற்பத்தொன்பது பதில் சொன்னது. இரண்டுக்கும் எல்லாம் புரிந்தது. மண்டபம் வாயைப் பிளந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே தெருவில் பழைய சாமான் வண்டி வந்தது. அதன் ஒலிபெருக்கி ஊரே அறிந்த அதே குரலில், அதே ராகத்தில், அதே வேகத்தில் சீனத்தில் அலறியது: "பழைய ஃபிரிட்ஜ், பழைய டிவி, பழைய வாஷிங் மெஷின் எடுக்கிறோம்!"

"ஜன்னலைச் சாத்துங்க!" என்று கத்தினார் ஷென்.

"சாத்தாதீங்க சார், ஒரே ஒரு நிமிஷம்!"

லூ நிங் மைக்கை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். நீளமான கம்பி அவள் பின்னாலேயே போனது. மைக்கை வெளியே நீட்டினாள்.

"பழைய ஃபிரிட்ஜ், பழைய டிவி, பழைய வாஷிங் மெஷின் எடுக்கிறோம்!"

மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு திரையில் ஒரு தங்க நட்சத்திரம் குதித்தது.

தொண்ணூற்றொன்பது.

"ஐயையோ, என்னை முந்திடுச்சே!" என்று பாவ் கை தலையில் கை வைத்தான்.

ஷென் திறந்த வாயை மூட மறந்துவிட்டார்.

லூ நிங் பணிவாகக் கேட்டாள். "சார், பட்டியல்ல முதல் மார்க் இப்போ அந்த வண்டிக்குத்தானே? அப்போ மதியம் நியூஸ் வாசிக்க அதைக் கூப்பிட்டுட்டு வரவா?"

ஷென் ஜன்னல் வழியே பார்த்தார். பனியன் போட்ட வண்டிக்காரர் கீழேயிருந்து, "ஃபிரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டார்.

டோரீன் குவோ டீச்சரிடம் ஏதோ சொன்னார். டீச்சர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்தப் பொண்ணு பேசினது ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுதாம். செய்தியை அவளோட சேர்ந்து வாசிக்க ஆசைப்படுறாங்க."

தலைமையாசிரியர் ஷென் தீவிர ஆலோசனையில் இறங்கினார். அது நான்கு விநாடி நீடித்தது. பிறகு டையைச் சரிசெய்தார்.

"இப்படித்தான் நடக்கும்னு எனக்கு முதல்லயே தெரியும். இது மெஷினுக்கு நாம வெச்ச பரீட்சை. மெஷின் ஃபெயில். லூ நிங், மைக் உன்னுது."

எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் பாவ் கை.

மதியம் பன்னிரண்டு மணிக்கு வானொலி அறையில் லூ நிங்கும் டோரீனும் ஒரே மைக் முன்னால் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒருத்தி ஹூனான் ஆங்கிலத்தில் வாசித்தாள். இன்னொருவர் ஆட்டு மலை ஆங்கிலத்தில் வாசித்தார். அந்தப் பள்ளி அதுவரை ஒலிபரப்பியதிலேயே மிகச் சிறந்த செய்தி அதுதான்.

அன்று சாப்பாட்டில் கோழிக்கால். செய்தியை யாரும் கேட்கவில்லை.