சீனக்குடா வளைவு

தம்பலகாமம் தாண்டி வந்த ரயில் கைகாட்டியைப் பயர்மன் அபூதாஹிர் ஒருமுறைதான் கூப்பிட்டுச் சொன்னான். எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்த பாக்கியரத்தினத்தின் காதில் அது இரண்டுமுறை விழுந்தது.

"கை விழுந்திருக்கு அண்ணே, போகலாம்!" என்று இடப்பக்க ஜன்னலால் தலையை நீட்டியபடி கத்திவிட்டு, அபூதாஹிர் கரி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் குனிந்துவிட்டான். அதற்குப் பிறகுதான், அவன் நின்ற அதே இடத்திலிருந்து, தணிந்த குரலில் யாரோ சொன்னார்கள்: "விழுந்திருக்கு."

யப்பான்காரன் குண்டு போட்டுப் போனதற்கு அடுத்த வருசத்து மார்கழி அது. எஞ்சின் விளக்குக்குக்கூடத் தகர மூடி போட்டிருந்த காலம். மாலை ஆறு மணிக்கே வயலும் வரம்பும் மழைக்குள் கரைந்துபோக, நனைந்த கரி வாசமும் எண்ணெய் வாசமும் அடுப்பு வாயின் வெக்கையும் மட்டுமே மிஞ்சியிருந்தன. எதிரொலியாக இருக்கும் என்று பாக்கியரத்தினம் நினைத்துக்கொண்டான். வெறும் வயலில் எது எதிரொலிக்கும்?

றைவர் கதிரையில் அவன் ஏறி இரண்டு மாதம்தான். அதற்கு முன் பத்து வருசம் றைவர் தங்கத்துரையின் கீழ் பயர்மனாகக் கரி அள்ளினவன். தங்கத்துரை கோச்சி ரயிலை நிப்பாட்டினால் மடியில் நித்திரை கொள்ளும் பிள்ளைகூட முழிக்காது என்று கல்லோயாவிலிருந்து திருகோணமலை வரைக்கும் கதைப்பார்கள். றைவர் சோதனையில் இரண்டுதரம் தவறின பாக்கியரத்தினத்துக்கு அந்தக் கதை முள். அவனுடைய பெண்சாதி ஞானமணியே ஒருநாள் ஊருக்குப் போய் வந்து, "இண்டைக்குத் தங்கத்துரை அண்ணையோ ஓடினவர்? ஒரு ஆட்டமும் இல்லை" என்றாள். அன்றைக்குச் சோறு அவனுக்கு இறங்கவில்லை.

சீனக்குடா வளைவில் கோச்சி இடப்பக்கம் திரும்பும்போது, வலப்பக்கம் இருக்கிற றைவருக்குக் கைகாட்டி தெரியாது. கொதிகலன் மறைத்துவிடும். அந்தக் கொஞ்சத் தூரத்துக்குப் பயர்மனின் கண்தான் றைவரின் கண். எத்தனை வருசம் ஓடியும் தங்கத்துரை அங்கே கேட்காமல் விட்டதில்லை. "தம்பி, கைகாட்டி என்ன சொல்லுது?"

புரட்டாசியில் ஒரு மாலை, அந்த வளைவில் கை நிமிர்ந்து நின்றது. நில் என்று அர்த்தம். பாக்கியரத்தினம் அதை நன்றாகவே பார்த்தான். ஒரேயொரு தரம் இந்த மனுசன் கைகாட்டியைத் தாண்டட்டும், பெயரில் ஒரு கறுப்புப் புள்ளி விழட்டும். அவ்வளவுதான் அவன் ஆசைப்பட்டது.

"விழுந்திருக்கு அண்ணை" என்றான்.

வளைவுக்கு அப்பால் எண்ணெய் வண்டிகள் நின்றன. அவன் குதித்துவிட்டான். தங்கத்துரை பிறேக்கைப் பிடித்தபடியே இருந்தார், நீராவிக் குழாய் வெடித்து அவரை வேகவைக்கும் வரைக்கும். பின்பெட்டிகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

விசாரணையில் அவன் சொன்னான்: "கை நிமிர்ந்திருக்கு எண்டு நான் சொன்னனான். அவர் கேக்கேல்லை."

கதிரை கிடைத்தது. ஆனால் ஸ்டேசன் தேத்தண்ணிக் கடையில் அந்தக் கதை ஓயவில்லை. "கடைசி மட்டும் பிறேக்கை விடேல்லை, மனுசன்!" செத்த பிறகும் பெயர் அவருக்குத்தான்.

இப்போது அடுத்த கைகாட்டி. இந்தமுறை அபூதாஹிர் வாய் திறக்க முன்னமே அந்தக் குரல் வந்தது. கூடவே ஒரு வாசம். கரி இல்லை, எண்ணெய் இல்லை. வெந்த தோல்.

"அபூதாஹிர், உனக்கு ஏதும் மணக்குதோ?"

"இல்லையே அண்ணே. ஏன், உடம்புக்கு ஏலாதா?"

வளைவு வந்துகொண்டிருந்தது. கரி இழுத்துவிட அபூதாஹிர் பின்னால் குவியலில் ஏறினான். சில்லுகள் கிறீச்சிட்டன. கொதிகலன் மறைத்தது.

"கைகாட்டி என்ன?"

பின்னால் கரி சரியும் சத்தம் மட்டும்.

"என்னடா, கைகாட்டி?"

மழை. இடப்பக்கம் யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

தெரியாவிட்டால் நிப்பாட்டு. அதுதான் சட்டம். பிறேக்கை ஒரே இழுவையாக இழுத்தான். பெட்டிகள் ஒன்றோடொன்று மோதின. பின்னால் யாரோ தூசணத்தில் றைவரைத் திட்டுவது கேட்டது. கதிரையை விட்டிறங்கி, இடப்பக்க ஜன்னலுக்கு ஓடி, தலையை நீட்டினான்.

கை நிமிர்ந்து நின்றது. சிவப்பு. அதற்கு அப்பால் தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்யும் நாலு பேர். நல்லவேளை. நல்லவேளை, நிப்பாட்டினான்.

முதுகுக்குப் பின்னால், அவன் விட்டு வந்த கதிரை கிறீச்சிட்டது.

"தம்பி, கைகாட்டி என்ன சொல்லுது?"

நிமிர்ந்திருக்கு. அதைத்தான் சொல்லப் பார்த்தான். நாக்கு புரளவில்லை. பல்லைக் கடித்தான். வாயைப் பொத்தினான். விரல்களுக்கு இடையால் அந்த ஒரு சொல் தானாக வந்தது.

"விழுந்திருக்கு."

திரும்பிப் பார்த்தான். ஆவி பறக்கும் ஒரு கை. தோல் இல்லை. அது பிறேக்கை விடுவித்தது. நீராவியைத் திறந்தது. மெதுவாக. அவ்வளவு பதமாக. ஒரு பெட்டியும் குலுங்கவில்லை. கரிக் குவியலில் நின்ற அபூதாஹிருக்குக்கூடக் கோச்சி நகர்வது தெரியவில்லை. அந்த நேரத்திலும் பாக்கியரத்தினத்துக்கு வயிறு எரிந்தது.

முன்னால் நாலு முதுகுகள். ஒருவரும் திரும்பவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல் எஞ்சின் அவர்களிடம் போய்க்கொண்டிருந்தது.