ஒரே ஆள்

அம்மா இடது கையால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து வந்த மகள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள். புதன்கிழமை, மாலை ஆறரை மணி. எதிர்க் கட்டடத்தின் சுவரிலிருந்து கடைசி வெளிச்சம் மெல்ல வழிந்து இறங்க, அறைக்குள் சூடேறிய பருத்தித் துணியின் வாசனை நிறைந்திருக்க, இஸ்திரிப் பெட்டி பழக்கமில்லாத கையில் தடுமாறித் தடுமாறி, சட்டையின் ஒரே சுருக்கத்தின் மேல் திரும்பத் திரும்பப் போய்வந்துகொண்டிருந்தது. வலது கை, யாரோ மாட்டிவிட்டு மறந்துபோன பைபோல, அம்மாவின் தோளிலிருந்து தொங்கியது.

“கைக்கு என்னம்மா?”

“எந்தக் கைக்கு?” அம்மா குனிந்து பார்த்தாள். பிறகு வலது கையை மெதுவாகத் தூக்கி, விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினாள். “நல்லாத்தானே இருக்கு. நீ போய் மூஞ்சியக் கழுவு. பெரியவன் வந்துட்டானா?”

“யாரும்மா பெரியவன்?”

அம்மாவுக்கு அவள் ஒரே பிள்ளை. அப்பா போய் ஒன்பது வருடம். வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

“தெரியலடி. வாயில வந்துச்சு,” என்றாள் அம்மா. சிரிக்கவில்லை.

எதிலும் முதலில் தன்னைச் சந்தேகிப்பதுதான் மகளின் சுபாவம். களைப்பு, என்று சொல்லிக்கொண்டாள். அம்மாவுக்கும், தனக்கும்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அந்தச் சத்தம் அவளை எழுப்பியது. திரைச்சீலை வழியே சாம்பல் நிற வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, பக்கத்துக் கட்டிலில் அம்மா மல்லாந்து தூங்கினாள், சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகிய அந்த மெல்லிய மூக்கு மூச்சு வழக்கம்போல ஏறி இறங்கியது. ஆனால் அதற்கு அடியில், ஒரு கணம் பிந்தி, இன்னொரு மூச்சு, குவளையின் அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் குழலால் உறிஞ்சுவதுபோல, ஈரமாக, அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. தன் மூச்சாக இருக்குமோ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். இரண்டும் நிற்கவில்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தூசியும் ஒற்றைச் செருப்பும். கைப்பேசியில் நேரம் வைத்து எண்ணினாள். நிமிடத்துக்கு ஒன்று பதினெட்டு. இன்னொன்று முப்பத்தாறு.

இரண்டும் அம்மாவின் வாயிலிருந்துதான் வந்தன.

மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் அவளுக்கு ஒப்பந்த வேலை. இருபது வருட நோயாளிப் பதிவுகளைப் பழைய கணினியிலிருந்து எடுத்து, எங்கோ தூரத்தில் ஒரு நிறுவனம் நடத்தும் ‘கிளவுட்’ என்ற இணைய மேகத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். “எல்லாரையும் நாமளே மேல அனுப்பிடறோம், டாக்டருங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?” என்று பக்கத்து மேஜைக்காரி தினமும் ஒருமுறை சொல்வாள். தினமும் யாராவது ஒருவர் சிரிப்பார்.

அனுப்புவதற்கு முன் இரட்டைப் பதிவுகளைக் களைய வேண்டும். திரையில் இரண்டு பதிவுகள் அருகருகே வரும். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘ஒரே ஆள்’, ‘வேறு ஆள்’. வேறு ஆள் என்றால் காரணம் எழுதி, காகிதக் கோப்பைத் தேடி எடுத்து, கண்காணிப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே ஆள் என்றால் ஒரு அழுத்தம். ஒரு நாளைக்கு நானூறு ஜோடி. முதல் இரண்டு நாள் ஒவ்வொரு வரியையும் படித்தாள், நூற்றைம்பதைத் தாண்டவில்லை. எதற்கெடுத்தாலும் கெடுவைப் பற்றியே பேசும் கண்காணிப்பாளருக்கு ‘கெடு சார்’ என்றே பெயர். அவர் எல்லோர் முன்னிலும் அவள் மேஜையருகே வந்து நின்றார். “ஏம்மா, கல்யாணப் பொருத்தமா பாக்கற? அழுத்திட்டுப் போம்மா.”

மூன்றாம் நாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் படிக்கவில்லை. விரல் மட்டும் வேலை செய்தது.

வியாழக்கிழமை மாலை அம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன. “நெஞ்சுக்குள்ள தண்ணி ஆடற மாதிரி இருக்குடி,” என்றாள். வெள்ளிக்கிழமை காலை இஸ்திரிப் பெட்டி தரையில் கிடந்தது. வலது கையை இந்த முறை தூக்கிக் காட்ட முடியவில்லை.

மருத்துவரிடம் நேரம் வாங்க அம்மாவின் பதிவைத் திறக்க வேண்டும். அன்றுதான் கடைசி நாள். மாலை ஆறு மணிக்குப் பழைய கணினியை நிறுத்திவிடுவார்கள், அதற்குப் பிறகு சேர்த்ததைப் பிரிக்க வழியில்லை. மிச்சமிருந்த இருநூறு ஜோடியை முடித்துவிட்டுத்தான் திறந்தாள். அதைப் பிறகு நினைத்து நினைத்துக் கூசினாள். ஆனால் முடித்துவிட்டுத்தான் திறந்தாள்.

இரண்டு பதிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன, என்றது திரை. மூன்று வாரத்துக்கு முன், ஒரு புதன்கிழமை, மதியம் 2.47. சேர்த்தவர் என்ற இடத்தில் அவளுடைய எண்.

அம்மாவின் பெயர் ஒரு தெருவில் நாலு பேருக்கு இருக்கும் பெயர். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜூன் ஒன்று என்று போட்டுவைப்பது அந்த மருத்துவமனையின் பழைய பழக்கம். அதே பெயர், அதே ஜூன் ஒன்று, அதே வருடம். மற்ற எதுவும் ஒன்றில்லை. இன்னொருத்தி ஐந்தாம் வார்டு, பதினொன்றாம் படுக்கை. பக்கவாதம், வலது பக்கம் செயலில்லை. நுரையீரலில் நீர். உறவினர்: மூத்த மகன்.

படியேறி ஐந்தாம் வார்டுக்குப் போனாள். பினாயில் நெடி, ஈரத் துணி, பழைய ஆரஞ்சுத் தோல். பதினொன்றாம் படுக்கை காலியாக இருந்தது. பக்கத்து முக்காலியில் நாற்பது வயதுக்காரர் ஒருவர், மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தார். காலியான விரிப்பின் நடுவில், ஒரு ஆள் நீளத்துக்கு, குழி.

“தெனமும் மாத்தறோம்,” என்றார் நர்ஸ், அவளைப் பார்க்காமல். “குழி மட்டும் போகல.”

“இந்த பெட்ல இருந்தவங்க எங்க சிஸ்டர்?”

“கம்ப்யூட்டர்ல வீட்டுல இருக்கறதா காட்டுது. இவர்தான் நம்ப மாட்டேங்கறார்.”

அந்த மனிதர் நிமிர்ந்தார். பல நாள் மழிக்காத முகம். “கை கழுவப் போனேன்மா. மூணு வாரத்துக்கு முன்னாடி, புதன்கிழமை, மூணு மணி இருக்கும். வந்து பாத்தா இல்ல. எழுந்து உக்காரவே முடியாதவங்க எங்க நடந்து போவாங்க?”

“பதிவுப் பிரிவுல கேட்டீங்களா?” தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

“கேட்டேனே. உங்ககிட்டதான். போன செவ்வாய்க்கிழமை.” அவர் குரலில் கோபம் இல்லை. “நீங்க திரையிலேர்ந்து கண்ண எடுக்கவே இல்ல. ஒரே ஆள்தான்னு சொல்லிட்டீங்க.”

அவளுக்கு நினைவில்லை. நிஜமாகவே நினைவில்லை.

கோப்பு அறையில் பாதிக் கட்டுகள் ஏற்கெனவே காகித ஆலைக்கு அரைக்கப் போய்விட்டன. மீதி தரையில் குவிந்திருந்தது. ஈரமான அட்டையின் வாசனைக்கு நடுவே, மண்டியிட்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரம். கிடைத்தது. கெடு சார் கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். “இன்னும் ஒம்போது நிமிஷம்மா. கடைசி நாள்ல உனக்கு ஏன் இந்த வேலை?”

‘வேறு ஆள்.’ அழுத்தினாள்.

சேர்த்தபின் பதிவானவை யாருக்குரியவை எனக் குறிக்கவும், என்றது திரை. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு வட்டங்கள்: முதலாமவர், இரண்டாமவர். முதலாமவர் அம்மா.

படித்தாள். வலது கை, அசைவில்லை. நாடி. இரத்த அழுத்தம். மூச்சு, பதினெட்டு. மூச்சு, முப்பத்தாறு. இரவும் பகலும். அம்மா வீட்டில் தூங்கிய நேரங்களிலும். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் எல்லா வரியிலும் காலி. நேற்று விடியற்காலை 5.40: மகள் எண்ணிப் பார்த்தாள்.

அந்த வரியை மறுபடி படித்தாள்.

இன்று மாலை 5.49. மூச்சு குறைகிறது. உறவினருக்குத் தெரிவிக்கவும்.

ஒரு வரிக்கு ஆறு வினாடி என்றாலும் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டும். ஏழு நிமிடம்கூட இல்லை. முதல் பத்து வரிகளைச் சரியாகக் குறித்தாள். யாருடையது இந்த நாடி? யாருடையது இந்த அழுத்தம்?

“ஆறு நிமிஷம்,” என்றார் கெடு சார்.

அடியில் ஒரு வட்டம் இருந்தது. ‘அனைத்தும்.’

முக்காலியில் இருந்த மனிதர் நினைவுக்கு வந்தார். அவருடைய சாப்பாட்டுப் பை. கெட்டது எல்லாம் அந்தப் பக்கம் போகட்டும். எங்க அம்மா பிழைச்சா போதும். அந்த நினைப்பில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அனைத்தும். இரண்டாமவர்.

பிரிக்கப்பட்டது, என்றது திரை.

உடனே வீட்டுக்குப் பேசினாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அம்மா. தெளிவான குரல். “என்னடி இந்த நேரத்துல? எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன். கால் வீக்கம்கூட வடிஞ்சிடுச்சு. நேரத்தோட வா.”

மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. மேஜைத் தொலைபேசி அடித்தது. ஐந்தாம் வார்டு நர்ஸ்.

“பதினொண்ணாம் பெட் அம்மா படுத்திருக்காங்கம்மா. எப்ப வந்தாங்கன்னு யாருக்கும் தெரியல. அவங்க பையன் அழுதுட்டே ஊட்டிட்டு இருக்கார். நல்லாத்தான் இருக்காங்க. மூச்சுதான்.” நர்ஸின் குரல் தாழ்ந்தது. “அம்பத்தி நாலு ஓடுது. ரெண்டு பேருக்குச் சேத்து விடற மாதிரி.”

அம்பத்தி நாலு.

பதினெட்டும் முப்பத்தாறும்.

திரைக்குத் திரும்பினாள். அம்மாவின் பதிவு. நாடி: காலி. அழுத்தம்: காலி. மூச்சு: காலி. மேலே, சுட்டியால் தொட முடியாத வெளிறிய எழுத்தில், ‘ஒரே ஆள்’. அழுத்தினாள். அழுத்தினாள். உள் அறையில் இருபது வருடமாக ஓடிய பழைய கணினியின் விசிறி சுழல்வது தளர்ந்து, தளர்ந்து, நின்றது. திரை கறுத்தது. பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. விளக்குகள் எரிந்தன. துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். நேராக நடந்தாள். வலது கையில் பால் குவளை.

“ஏண்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கற? உக்காரு.”

உட்கார்ந்தாள். அம்மா எதிரே உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைப் பார்த்தாள் மகள். நெஞ்சைப் பார்த்தாள். அசைவில்லை. நிழல் பட்டதாக இருக்கும். மறுபடி பார்த்தாள். அசைவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. விரலை நகர்த்தித் தேடினாள். இங்கே இல்லை. இங்கேயும் இல்லை.

“விடுடி, பால் கொட்டிடும்,” என்றாள் அம்மா, பிரியமாக. “சூடா இருக்கு. ஆத்தித் தரேன்.”

குவளையை வாயருகே கொண்டுபோனாள். கன்னம் உப்ப, உதட்டைக் குவித்து, ஊதினாள்.

ஆவி நேராக மேலே போனது.

அம்மா மகளைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி ஊதினாள். மறுபடியும். கன்னம் உப்பியது, உதடு குவிந்தது. சத்தமில்லை. குவளையிலிருந்து எழுந்த ஆவி அம்மாவின் முகத்துக்கு நேராக, ஒரு நூல்கூட விலகாமல், அசையாமல், நேராக மேலே போய்க்கொண்டே இருந்தது.