ஏழு தடவை ஓடிய சக்கரம்

பிளாட் ஆற்றங்கரையில் நாங்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டபோது நல்ல வெயில். அமெரிக்காவின் மேற்குக் கோடியில் இருக்கும் ஒரிகனுக்குக் குடிபோகும் இருபத்தாறு கூண்டு வண்டிகளில் எங்களுடையதும் ஒன்று. என் கணவர் ஆமோஸ் மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிப் போனார். அவர் தம்பி எபன், பன்றிக்கறி வறுவல் போதவில்லை என்று என்னிடம் வம்பு பண்ணிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை அதே எபன் வண்டிக்கு அடியில் சுருண்டு கிடந்தான். காலரா. அந்த வருஷம் அந்தப் பாதையில் அது இல்லாத கூடாரமே இல்லை.

வண்டித் தொடரின் தலைவர் கோல்பி கிட்டே வரவில்லை. பத்தடி தள்ளி, மூக்கில் துணியை வைத்துக்கொண்டு பேசினார்.

“மத்தியானம் தாண்டமாட்டான், ஆமோஸ். முடிச்சிட்டு வந்து சேந்துக்கோ. நான் யாருக்காகவும் நிக்கமாட்டேன்.”

மற்ற வண்டிகள் கிளம்பிப் போயின. ஆமோஸ் மண்வெட்டியை எடுத்துப் பாதைக்கு நடுவிலேயே குழி வெட்ட ஆரம்பித்தார். அங்கே எல்லோரும் அப்படித்தான். ஓரத்தில் புதைத்தால் ஓநாய் தோண்டிவிடும். நடுப்பாதையில் புதைத்து மேலே வண்டிகளை ஓட்டினால் மண் இறுகிவிடும், இடமும் தெரியாது.

எபன் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, குழி நீளம் பத்தாது. என் காலு எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியாதா?”

ஆமோஸ் குழியை ஒரு சாண் நீட்டினார்.

மத்தியானம் தாண்டியது. அவன் சாகவில்லை. மூன்று மணிக்கும் சாகவில்லை. முன்னால் போனவர்களின் புழுதிகூடக் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. என் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. ஒற்றை வண்டியாக அந்த வெட்டவெளியில் மாட்டிக்கொண்டு, ஓர் அச்சு முறிந்தால் எங்கள் கதை முடிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சீக்கிரம் செத்துத் தொலையேன் என்றுதான் நினைத்தேன்.

நாலு மணிக்கு அவன் கண் செருகியது.

“முடிஞ்சுபோச்சு. காலைப் புடி, லவினா,” என்றார் ஆமோஸ்.

அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். “ஆமோஸ், இன்னும் அடிக்குதுங்க.”

“உன் கைதான் நடுங்குது.”

நான் காலைப் பிடித்தேன்.

அவனைக் குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி மூடி, வண்டியை மேலே ஏற்றினோம். பின் சக்கரம் ஏறி இறங்கியபோது அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அண்ணி.”

ஆமோஸுக்கும் கேட்டது. முகத்திலேயே தெரிந்தது. அவர் என்னைப் பார்க்காமல் மாடுகளைத் திருப்பினார். மறுபடி ஏற்றினார். மறுபடி திருப்பினார்.

ஏழாவது தடவைதான் சத்தம் இல்லை.

நான் நிறுத்தச் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் மற்ற வண்டிகளைப் பிடித்துவிட்டோம். அதற்கடுத்த நாள் அது தொடங்கியது. தரை பலகை போலச் சமமாக இருந்தது. எங்கள் வண்டி மட்டும் திடீரென்று எதன்மேலோ ஏறித் தொப்பென்று இறங்கியது. எட்டிப் பார்த்தேன். ஒரு கல்கூட இல்லை. பின்னால் வந்த வண்டி அதே இடத்தை அலுங்காமல் தாண்டியது.

அதிலிருந்த பெண் கத்தினாள். “லவினா, உன் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியலேன்னா சொல்லு, எங்க மாமியாரை அனுப்பறேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

தினமும் ஏழு தடவை.

ஒவ்வொரு தடவையும் அடியில் மூச்சு திணறும் சத்தம். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியும், கூண்டுக்குள் ஈரமண் வாடை.

“அவன் நம்ம கூடவே வரான்,” என்றார் ஆமோஸ், உதடு அசையாமல்.

ஒரிகனில் எங்கள் மகன் உயிரோடு பிறந்தான். இவனுக்காகத்தானே என்று ஆமோஸ் அடிக்கடி சொல்லிக்கொண்டார். வண்டியை உடைத்து அடுப்பெரித்தார். அன்றோடு அந்தச் சத்தம் நின்றது. அப்புறம் அவர் எந்த வண்டியிலும் ஏறவில்லை, எங்கே போனாலும் நடைதான். ஒன்பதாம் வருஷம் எங்கள் ஆப்பிள் தோட்டத்தில் மல்லாந்து செத்துக் கிடந்தார். டாக்டர் விலாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எந்த வண்டிம்மா ஏறிச்சு? பாரவண்டி மாதிரி இருக்கே.”

அவரைச் சுற்றி ஒரு புல்கூட மடங்கியிருக்கவில்லை.

எங்கள் ஊர் இடுகாட்டைச் சுற்றிக் கல்சுவர். வாசலில் இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியாது. ஆனாலும் ஆமோஸின் குழிமேல் காலைதோறும் சக்கரத் தடம் விழுந்திருக்கும். காவல்காரர் லூதர் பொடியன்களைத் திட்டிக்கொண்டே மண்ணை நிரவுவார். நான் வாயைத் திறந்ததில்லை. மூடிப் பழகிய வாய்தானே.

போன வாரம் லூதர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அவரு பக்கத்துல உங்களுக்குன்னு ஒரு இடம் வாங்கிப் போட்டிருக்கீங்கல்ல? இப்ப அதுமேலயும் தடம் விழுது. அங்கதான் யாருமே இல்லையே!”

நான் சாகும்வரை எபன் காத்திருக்கமாட்டான். நாங்கள் காத்திருந்தோமா என்ன?

இன்று காலை, விழித்துப் படுத்திருக்கும்போதே, என் கட்டில் எதன்மேலோ ஏறித் தொப்பென்று இறங்கியது.

இதுவரை ஆறு தடவை.