ஒன்பதாம் எண்

மணி நான்கானதும் இந்திராணி கேமராவைப் பார்த்து ஊரின் பெயரையும் நிலையத்தின் எண்ணையும் சொன்னாள். மணிக்கொரு முறை உயிருள்ள ஒருவர் இப்படிச் சொல்லியாக வேண்டும் என்பது அமெரிக்காவின் உள்ளூர்த் தொலைக்காட்சிகளுக்கு விதி. பன்னிரண்டு வருடங்களாக ‘ஒன்பது, ஆர்டன்’ என்று பழகிய வாய்க்கு, இன்று மதியத்திலிருந்து ‘நாற்பத்து மூன்று’ என்பது வேப்பங்காயாகக் கசந்தது.

கான்சாஸ் சமவெளியின் ஆர்டனில் யாரும் தொலைபேசியை நம்புவதில்லை. குரல்திருடர்கள் மனைவியின் குரலிலேயே பேசி ஆளை வெளியேற்றிவிட்டு, சாவகாசமாக வந்து வீட்டைத் துடைத்துக்கொண்டு போவார்கள். முகமும் குரலும் கடைச்சரக்காகிவிட்ட காலத்தில், மக்கள் நம்பியது உள்ளூர் நிலையத்தின் எண்ணை மட்டும்தான். நம்பும் எண், சுருக்கமாக ‘நம்பெண்’ என்றே அதற்குப் பெயர். வசந்தம் வந்தால் நிலையமே விளையாட்டாக “எண்ணை மாற்றுங்கள்” என்று பொய்யாக அறிவித்து ஊரைச் சோதிக்கும். ஏமாந்தவர்களின் பெயரை இந்திராணி வாசித்துக் கேலி செய்வாள்.

அந்த விளையாட்டு இப்போது வினையாகியிருந்தது. முதலாளிகள் ஒன்பதை நூறு மைல் தள்ளியிருந்த பெருநகர நிலையத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சிப் பெட்டியில் நிலையங்களை மறுதேடல் செய்து நாற்பத்து மூன்றுக்கு மாறுங்கள் என்று ஒரு மாதமாக அவள் கரடியாய்க் கத்தினாள். இந்த வருடச் சோதனை கொஞ்சம் நீளம் என்று ஊர் சிரித்துக்கொண்டது. தன் வீட்டுப் பெட்டியைச் சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று அவளும் விட்டிருந்தாள். மகா புத்திசாலி.

நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு ரேடாரில் சுழற்காற்று தெரிந்தது. ஊரைத் தொட இருபது நிமிடம். நாற்பத்து மூன்றில் எச்சரித்தாள், பார்க்க ஆளில்லை. ஒன்பதில் பெருநகரத்துச் சமையல் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. பதறிப்போய்க் கணவன் நன்மாறனை அழைத்தாள்.

“மாறா, சுழற்காத்து வருது. உடனே நெலவறைக்கு எறங்கு.”

“குரல நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க,” என்றான் அவன் நிதானமாக. “ஒன்பதுல இந்திராணி சொல்லட்டும், எறங்குறேன்.”

காலையில் உப்புமாவுக்காகப் போட்ட சண்டையைச் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக் கருவிகளே ஒட்டுக்கேட்கும் காலம், அவன் வைத்துவிட்டான்.

நிலையத்தின் எண்ணைப் பெட்டிகளுக்குச் சொல்லும் ஒளிபரப்பியின் அடையாளப் பட்டியலை அவள் திறந்தாள். மேலாளர் ஹார்லன் அவள் கையைப் பிடித்தார். ஒரே எண்ணில் இரண்டு நிலையம் வந்தால் பத்தே நிமிடத்தில் பெட்டிகள் அந்த எண்ணைப் போலி என்று தள்ளிவிடும், அப்புறம் இந்த ஊருக்கு எதைச் சொல்லியும் புரியவைக்க முடியாது என்றார். உனக்குச் சிறையும் நிச்சயம் என்றார்.

“பத்து நிமிஷம் போதும்,” என்று கையை உதறிவிட்டு, நாற்பத்து மூன்றை அழித்து ஒன்பது என்று அடித்தாள். பெருநகரத்து அலையைவிடப் பக்கத்து அலை வலுவானது. சமையல் போட்டி மறைந்து அவள் முகம் வந்தது. சோதனை இல்லை, கீழே இறங்குங்கள் என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள். ஹார்லன் அவள் முகத்தில் விழும் விளக்கைச் சரிசெய்தார்.

காற்று மேற்குத் தெருவைப் பிய்த்துப் போட்டது. அவள் வீட்டுக்குக் கூரையே இல்லை. தோட்டத்து நிலவறையின் இரும்புக் கதவு மட்டும் சேதமில்லாமல் மூடியிருந்தது. உயிரோடிருக்கிறான் என்ற நினைப்பிலேயே அவளுக்கு அழுகை முட்டியது. கதவைத் தட்டி, நான்தான், எல்லாம் முடிந்தது, திற என்றாள்.

உள்ளே பேட்டரியில் ஓடிய தொலைக்காட்சிப் பெட்டி ஓயாமல் அறிவித்துக்கொண்டிருந்தது: ஒன்பது போலி, இன்று அதில் தோன்றிய எவரையும் நம்பாதீர்கள். தெருவில் ஒரு நிலவறையும் திறக்கவில்லை.

மறுபடி தட்டினாள். கதவுக்குப் பின்னால் நன்மாறன் விம்முவது கேட்டது.

“வீட்ல என்ன வேணுமோ எடுத்துக்குங்க,” என்றான். “அவள மட்டும் விட்டுடுங்க. என் பொண்டாட்டிய என்ன பண்ணீங்க?”