கலப்பெண்ணுக்கு இணை

"விடுங்க… நான்தான் மொதல்ல எடுத்தது!"

"எடுத்தது நீங்க. பாத்தது நானு!"

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பழைய புத்தகக் கடையில், பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் ஒரு முனை கீர்த்தியின் கையில். மறு முனை யாரோ ஒருத்தன் கையில். வெளியே கோடை மழை கொட்டு கொட்டென்று கொட்டியது.

கடைக்காரர் கைலாசம் எட்டிப் பார்த்தார். "இன்னாமா சண்ட? இருக்கறது ஒரே செட்டு. ஆளுக்கொரு தொகுதி எடுத்துக்கினு போங்க. வாராவாரம் மாத்திக்குங்க. கிழிச்சீங்க, ரெண்டு பேருக்கும் கெடையாது."

அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். இமையில் மழைத்துளி… சிரிக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கிற கண்கள். சட்டென்று புத்தகத்தை விட்டாள்.

"கணக்குல எத்தினி மார்க்குங்க?" என்றான்.

"இருபத்தெட்டு."

"எனக்குப் பத்தொன்பது. அப்ப நீங்கதான் டாப்பர்."

சிரிப்பு வந்துவிட்டது. ஃபெயிலானதைச் சொல்லி அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

விமல்ராஜ். தென்னேரிக்காரன். இருபத்து மூன்று வயது. நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன். அவளுக்கு இருபத்தொன்று. நாலு வருஷமாக அப்பா பஞ்சாட்சரத்தோடு தறியில் உட்கார்ந்து, இழை அறுத்த கோடு விரலெல்லாம். இரண்டு பேரும் ஜூன் மாதத் துணைத்தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டியவர்கள்.

"பாஸானா பாலிடெக்னிக். இந்த வாட்டியும் போச்சுன்னா கத்தாரு. எங்கப்பா விசா வாங்கி வெச்சிருக்காரு," என்றான் அவன், ஏதோ அடுத்த பஸ் எப்போது என்பதுபோல.

சனிக்கிழமை தோறும் தொகுதிகள் கை மாறின. ஓரத்தில் பென்சிலால் அவள் கேட்பாள், அவன் பதில் எழுதுவான். மெஷின் ஓட்டுகிற கைக்கு எழுத்து என்னவோ பூ மாதிரிதான் இருந்தது.

மெய்யும் கற்பனையும் கலந்த எண்ணுக்குப் பாடத்தில் கலப்பெண் என்று பேர். அந்தப் பக்கத்தில், 'தலையும் புரியல, காலும் புரியல' என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் பதில் வந்தது.

'கலப்பெண்ணுக்கு இணை சுலபம். மெய் அப்படியே நிக்கும். கற்பனை மட்டும் குறி மாறும். இணையோட பெருக்கிப் பாரு… வர்றது மெய்தான்.'

பதினோரு தடவை படித்தாள். தறியின் பாவு நூலில் இழை அறுந்து கிடந்ததை அப்பா அதட்டிச் சொன்ன பிறகுதான் பார்த்தாள்.

பரீட்சை நாள். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திய பஞ்சாட்சரம், "புக்க என்னாண்ட குடு, நீ நெதானமா எழுதும்மா," என்று வாங்கிக்கொண்டார். சும்மா புரட்டினார். அஞ்சாங்கிளாஸ் படிப்பு. அச்சுக் கணக்கு ஓடவில்லை. பென்சில் எழுத்து ஓடியது. எழுத்துக் கூட்டினார். "கலப்… பெண்ணுக்கு… இணை."

முகம் கறுத்தது.

அவர் கட்டிக்கொண்ட தேவகி, கீர்த்தியின் அம்மா, நெசவுக் குடும்பம் இல்லை, பயிர் வைக்கிற குடும்பம். இருபத்தஞ்சு வருஷமாகக் கல்யாணத்திலும் சாவிலும் சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்ன ஒரே வார்த்தை, 'கலப்பு'.

நேரம் பார்த்துத்தான் வந்தான் விமல்ராஜ். "கீர்த்தி, ஆல் த பெஸ்ட்! நான் எழுதிக் குடுத்தேன் பாரு, இணை… அது கண்டிப்பா வருது!"

"எழுதினது நீயா? எம்பொண்ணு கலப்பாடா? அவளுக்கு நீ இணையா?"

பளாரென்று விழுந்தது அறை. எழுத வந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார்… அது பாடம் சார்…"

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?"

விமல்ராஜ் கன்னத்தைத் தொடவில்லை. கீர்த்தியைப் பார்த்தான். அப்பா, அது கணக்கு. மூன்றே வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது… வரவில்லை. மணி அடித்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் முன் பெஞ்சு அவனுடையது. மூன்று மணி நேரமும் காலியாகவே கிடந்தது. வினாத்தாளில் இணை கேட்டிருந்தார்கள். சரியாக எழுதினாள். எழுதி முடித்த இடத்தில் கண்ணீர் விழுந்து மை ஊறியது.

ரிசல்ட்டில் ஐம்பத்தொன்று. அன்று சாயங்காலம் புத்தகத்தை எடுத்து, 'கலப்பெண்கள்' என்று அச்சடித்த தலைப்பின் கீழ் விரல் வைத்து, அப்பாவைப் படிக்கச் சொன்னாள். படித்தார். அவன் பரீட்சை எழுதாமலே போனதையும் சொன்னாள்.

"ஒரு புள்ள வாழ்க்கைய கெடுத்துட்டேனேம்மா… நாளைக்கே போயி நான் தப்பு ஒத்துக்கினேன்னு சொல்லிட்டு வா."

தென்னேரி ஏரிக்கரை. மெஷினின் சாவியை இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டு நின்றிருந்தான் விமல்ராஜ்.

"பாஸா?"

"ம்… நீ?"

"நாளன்னிக்கு ஃபிளைட்டு. ரெண்டு வருஷ அக்ரிமென்ட்டு."

அப்பா சொன்னதைச் சொன்னாள். கையை ஆட்டி மறுத்தான்.

"அவரு மேல கோவமே இல்ல. அடி வாங்கினதுக்காவ நான் எழுதாம போவல கீர்த்தி. நீ ஒரு வார்த்த சொல்வன்னு பாத்துக்கினே நின்னேன். சொல்லல. அப்புறம் எந்த மூஞ்ச வெச்சிக்கினு உம்முன்னாடி வந்து குந்தறது?"

"சொல்ல வரல…"

"ஏன்? பாடம்தானே அது?"

ஏரிக்காற்று அவள் கண்ணை எரித்தது.

"உனக்குப் பாடம். நான் அத அப்டிப் படிக்கல விமல். ஒரு நாள்கூட அப்டிப் படிக்கல. வெறும் கணக்குப்பான்னு சொன்னா அது பொய்யி. உன்ன எதிர்ல வெச்சிக்கினு அந்தப் பொய்ய சொல்ல வாய் வரல… அதான்."

அவன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த கிரீஸை லுங்கியில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"நானும் பாடமா எழுதல," என்றான், ஏரியைப் பார்த்தபடி. "அப்ப உங்கப்பா அடிச்சதுல பாதி நியாயம்தான்."

சிரிக்கத்தான் ஆரம்பித்தான்… முடிக்க வரவில்லை.