மாற்றி விட வந்தவள்

பதினோரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் தொழிற்சாலையில் சோப்பு ஈரமாக இருந்தது.

கை கழுவும் சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் பாதி தேய்ந்த நீலச் சோப்பு. குழாய் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. தொட்டிக்குள் சருகும் பல்லி எச்சமும்தான். ஜெபிஷா விரலால் தொட்டாள். நுரை ஒட்டியது. வாட்ச்மேன் அய்யாசாமி இங்கேதான் குளிப்பார் போல என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, விரலை ஜீன்ஸில் துடைத்தாள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டாள்.

வந்தது ஊர் சுற்ற. மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்ததும் ஷிப்ட் இல்லாதவர்கள் எல்லாம் பாண்டிச்சேரிக்கும் ஏலகிரிக்கும் கிளம்பிவிட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்து கொரட்டூரில் தனியாக ஃபிளாட் எடுத்திருக்கும் ஜெபிஷா மட்டும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டைச் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். "தினம் பஸ்ஸுல பாக்கிறது போதலையா?" என்று கூட வேலை பார்க்கும் ஸ்வாதி விழுந்து விழுந்து சிரித்தாள். போதவில்லைதான். அறுபதுகளில் எழுந்த ஷெட்டுகள், ரம்பப் பல் மாதிரிக் கூரைகள், அவற்றின் தலைக்கு மேல் நேற்று முளைத்த கண்ணாடிக் கட்டடங்கள். தான் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று தெரியாமலே நாலு வருஷம் ஓட்டிவிட்டோமே என்று அவளுக்கு ஒரு உறுத்தல்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு ஈ காக்கைகூட வராது. காலையிலிருந்து நடந்து, படம் எடுத்து, மூன்று மணி வெயிலில் இந்தக் கேட்டுக்கு வந்து நின்றாள். பெயர்ப்பலகையில் 'அண்டு சன்ஸ்' மட்டும் மிஞ்சியிருந்தது. அப்பா யாரென்று மழைக்குத்தான் தெரியும்.

"இன்னாம்மா, சினிமாவுக்கு எடம் பாக்க வந்துகிறியா?" என்றார் அய்யாசாமி, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே.

"இல்லண்ணா, சும்மா பாக்கத்தான். உள்ள போய் ரெண்டு போட்டோ எடுத்துக்கலாமா?"

"இதுல இன்னா கீதுன்னு போட்டோ புடிக்கப் போற? சரி, போய்ட்டு வா. நாலு மணிக்குப் பூட்டிகினு நான் கோவில்பதாகை போவணும். அதுக்குள்ள வந்துடு, இன்னா? உள்ள மாட்டிக்கினா நாளைக்குக் காலைலதான் தொறப்பேன்."

அப்படித்தான் அவள் உள்ளே வந்தாள். தொட்டியைத் தாண்டியதும் ஷெட்டின் பெரிய கூடம். கூரை ஓட்டைகளிலிருந்து வெயில் கம்பி கம்பியாக இறங்க, அதில் தூசி சோம்பலாகச் சுழல, பழைய எண்ணெயும் சூடான இரும்பும் யாருடைய வியர்வையோ கலந்த ஒரு வாடை மூக்கை விட்டுப் போகாமல் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வரிசையாகப் பவர் பிரஸ்கள். தகட்டை வைத்து, கால் பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் வடிவம் வெட்டித் தள்ளும் எந்திரங்கள். சுவரில் ஒயர் ஒரு முழம்கூட இல்லை. செம்புக்காக எவனோ மொத்தத்தையும் அறுத்துக்கொண்டு போயிருந்தான்.

இருந்தும் எங்கோ ஒரு சத்தம். டங். பெரிய இடைவெளி. மறுபடியும் டங். வெயிலுக்குத் தகரம் விரிகிறது என்று நினைத்தாள். ஆனால் தகரம் இவ்வளவு ஒழுங்காக விரியாது.

கடைசி எந்திரத்தின் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

ஜெபிஷா ஒரு அடி பின்வாங்கினாள். பிறகு வெட்கமாக இருந்தது. நீலச் சட்டை, எண்ணெய்க் கறை படிந்த முதுகு, குனிந்த தலை. பழைய எந்திரங்களைத் துடைத்து வைக்க ஆள் போட்டிருப்பார்கள். இவரைக் கேட்காமல் உள்ளே வந்ததற்குத் திட்டு விழப்போகிறது.

அவர் திரும்பவில்லை. "மாத்தி உட வந்துகிறியா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதல்ல. அவள் டீம் இருபத்துநாலு மணி நேரமும் யாரோ ஒரு வெளிநாட்டு வங்கியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறது. ஷிப்ட் மாற்ற ஆள் வந்து வாயால் சொன்னால்தான் முந்தைய ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு, பையை இறக்கும் முன்பே, ஸ்வாதியிடம் அவள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. பயமும் மரியாதையும் அசட்டுச் சிரிப்புமாக, அது இப்போதும் தானாக வந்து விழுந்தது.

"ஆமாண்ணா. நான் பாத்துக்கிறேன், நீங்க கெளம்புங்க."

அவர் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. அழுகிறாரா, மூச்சு விடுகிறாரா என்று புரியவில்லை.

"சொல்லிட்ட," என்றார். "நான் கேட்டேன், நீ சொல்லிட்ட."

எழுந்து, அவளைப் பார்க்காமலே கடந்து தொட்டிக்குப் போனார். அவள் திரும்பிப் பார்த்தாள். சோப்பை எடுக்கிறார். அது நழுவி விழுகிறது. மறுபடி எடுக்கிறார். நழுவுகிறது. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அதை இடுக்கித் தேய்க்கும்போதுதான் ஜெபிஷாவுக்குத் தெரிந்தது. உள்ளங்கைகள் மட்டும்தான் இருந்தன. விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில் மழமழவென்று ஆறிய தோல்.

"இயேசப்பா," என்றாள்.

போய்விடவேண்டும். இப்போதே. கேட் மூட இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. எந்திரங்களின் இன்னொரு பக்கமாக ஓடி, வாசல் வெளிச்சத்தைப் பார்த்துப் போனாள். நாலு எந்திரம் தாண்டினாள், ஆறு தாண்டினாள். வெளிச்சம் முகத்தில் பட்டது. அடுத்த அடி வைத்தாள். எதிரே கடைசி எந்திரமும் காலியான ஸ்டூலும்.

மறுபடி ஓடினாள். மறுபடி அதே ஸ்டூல்.

மூன்றாவது தடவை ஓடவில்லை. ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் தேவலை என்று இருந்தது. அது தன்னுடைய எண்ணம் இல்லை என்று தெரிந்தும் உட்கார்ந்தாள். ஸ்டூல் சூடாக இருந்தது. ஒயரே இல்லாத எந்திரத்தின் பெரிய சக்கரம், யாரோ கையால் தள்ளிவிட்டது போல, மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

பக்கத்தில் உடைந்த ஜன்னல். அதில் முற்றமும் கேட்டும் முழுசாகத் தெரிந்தன. அய்யாசாமி பூட்டும் சங்கிலியுமாக நின்றிருந்தார்.

"அண்ணா!" கத்தினாள். "அண்ணா, இங்க! இங்க பாருங்க!"

டங்.

ஷெட்டிலிருந்து ஒருவர் முற்றத்துக்கு இறங்கினார். வெயில் பட்ட இடத்தில் நீலச் சட்டை அவள் போட்டிருந்த கடுகு மஞ்சள் குர்த்தாவாகியிருந்தது. தோளில் அவளுடைய பை. அவளுடைய பின்னல். கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து நடக்கும் அவளுடைய நடை. ஜெபிஷா தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டு வரை முரட்டு நீலத் துணி. இன்னொருவரின் வியர்வை வாடை.

"இன்னாம்மா, அதுக்குள்ள பாத்துட்டியா?" அய்யாசாமியின் குரல் தெளிவாகக் கேட்டது.

அந்த உருவம் தலையாட்டியது.

"பத்திரமா போ, கண்ணு. ஷேர் ஆட்டோ அங்க முக்குல நிக்கும்."

"நான் உள்ள இருக்கேன்!" மறுபடி கத்தினாள். "அது நான் இல்ல! அண்ணா!"

டங். டங்.

அவர் திரும்பவில்லை. சங்கிலி கேட்டைச் சுற்றியது. பூட்டு விழுந்தது. செருப்பைத் தேய்த்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

காலை எடுக்கப் பார்த்தாள். பெடலை விட்டு வரவில்லை. இடது கை தகட்டை நகர்த்தியது. வலது கை உள்ளே போனது. வெளியே வந்தது. அவள் சொல்லாமலே. இப்போது தப்பியது. அடுத்த தடவை? உள்ளே. வெளியே. உள்ளே.

கேட்டுக்கு அப்பால், ஆளில்லாத ரோட்டில், மஞ்சள் குர்த்தா நின்றது. ஷெட்டைப் பார்த்துத் திரும்பியது. இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கியது. ஒவ்வொரு விரலாக மடக்கியது. ஒவ்வொன்றாக நீட்டியது. பத்தும் இருந்தன. அதற்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

டங்.

ஜெபிஷா குனிந்து பார்க்கவில்லை. கால் மறுபடி மிதித்தது.