இலை பார்க்கக் கூப்பிட்டவள்

பிற்பகல் இரண்டு மணிக்கு, அதுவும் மலை முழுக்க இலைகள் சிவந்து நிற்கும் நவம்பரில், மித்சுயோவின் வீட்டில் மலையைப் பார்த்த கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. சாத்தியது மட்டுமில்லை, இடுக்குகளில் செய்தித்தாளைக் கிழித்துத் திணித்து மேலே ஒட்டியும் வைத்திருந்தாள்.

கயோகோவுக்கு அது உறுத்தியது. இலை பார்க்க வாருங்கள், இப்படி என்றைக்கும் சிவந்ததில்லை என்று மூன்று முறை போன் செய்து கூப்பிட்டவளே மித்சுயோதான். கல்லூரித் தோழி, கணவன் தத்சுரோவோடு இந்த மலையடிவாரத்துக்குக் குடிவந்து ஆறு வருடமாகிறது. செண்டாய் நகரத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றவள், ஒரு வார்த்தைகூடச் சிரித்துப் பேசவில்லை.

கயோகோவின் கணவர் ஹிதெயோ உள்ளே வந்து உட்காரவே இல்லை. "வெளிச்சம் போறதுக்குள்ள நாலு படம் எடுத்துட்டு வந்துடறேன். டீ ஆறட்டும்" என்று கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மித்சுயோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"தத்சுரோ எங்கே?" என்றார் அவர்.

"மேலதான் இருக்கார்."

கரடி சத்தம் கேட்டு ஒதுங்கிப் போகட்டும் என்று பையில் கட்டியிருந்த மணி, அவர் ஏறிப்போகப் போக, சாத்திய கதவுகளுக்கு அப்பால் சின்னதாகிக்கொண்டே போனது. அறையில் மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை. அதற்கும் அடியில், நனைந்த இலைகளைப் பெட்டியில் போட்டு நாள்கணக்கில் பூட்டி வைத்தது போன்ற, தித்திப்பு கலந்த இன்னொரு வாடை. கயோகோ மணியையே கேட்டுக்கொண்டிருந்தாள். டீ ஊற்றிய மித்சுயோவின் உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் ஊறியிருந்தது.

மணி நின்றது.

"கையில என்னடி?"

"கயிறு அறுத்துடுச்சு." மித்சுயோ கோப்பையைப் பார்த்தபடியே சொன்னாள். "பத்தொம்பது நாளா இழுக்கறேன். என் ஒருத்தியால முடியல."

"எதை?"

"அவரை."

அடுப்பு சீறிக்கொண்டிருந்தது.

"பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இழுக்க வந்தாங்க. அவங்களும் இப்ப அங்கதான் நிக்கறாங்க."

"இதெல்லாம் தெரிஞ்சுமா எங்களக் கூப்பிட்டே?"

"உண்மையச் சொன்னா வந்திருப்பியா?" மித்சுயோவின் குரல் உடைந்தது. "நாலு கை சேந்தா பேத்துடலாம்னு நினைச்சேன். இப்பவும் சொல்லத்தான் வாயெடுத்தேன், கயோகோ. சொன்னா அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிடுவீங்களேன்னு..."

கயோகோ செருப்பைக்கூட மாட்டவில்லை. காலுறையோடு சரிவில் ஓடினாள். பின்னால் மித்சுயோ கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

மேப்பிள் மரங்களுக்குள் நுழைந்ததும் வெளிச்சமே சிவந்து, கயோகோவுக்குத் தன் கைகளே யாருடையவோ போலத் தெரிந்தன. காற்று இல்லை. இலைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் இறங்கின. வானம் வெளுத்திருந்தும் எங்கும் மழைச் சத்தம். கொஞ்சம் நின்று கேட்டபோதுதான் அது மழையில்லை என்று புரிந்தது. தட்டு நிறையப் பட்டுப்புழுக்கள் இலை தின்பது போன்ற சத்தம். மெல்லும் சத்தம்.

முதலில் தத்சுரோ தெரிந்தார். முழங்கால்வரை இலைக்குவியலில் நின்றிருந்தார். இடுப்பில் கயிற்றுத் தழும்பு. முகம் வானத்தைப் பார்த்திருந்தது. வாய் திறந்திருந்தது. ஓர் இலை சுழன்று இறங்கி நாக்கில் விழ, வாய் மூடிக்கொண்டது. மென்றது. மறுபடி திறந்தது.

அவருக்கு அப்பால் அந்தச் சகோதரர்கள். அவர்களுக்கும் அப்பால், மரங்களுக்கிடையே, யார் யாரோ.

கடைசியில் ஹிதெயோ.

"என்னங்க."

கேமரா கழுத்தில் தொங்கியது. கணுக்கால்கள் தெரியவில்லை.

"என்னங்க, வாங்க போகலாம். வீட்டுக்குப் போயிடலாம்."

கையைப் பிடித்து இழுத்தாள். கை சூடாக இருந்தது. அசையவில்லை. மித்சுயோ அவர் இடுப்பில் கயிறு கட்டினாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். கயோகோ வழுக்கி விழுந்தாள். எழுந்தாள். மறுபடி இழுத்தாள். மண்டியிட்டு விரல்களால் மண்ணைப் பறித்தாள். நகம் பெயர்ந்தது. அவர் கால்விரல்கள் இருக்கவேண்டிய இடத்தில், ஈரமாக, நீளமாக, கிளைகிளையாக ஏதோ மண்ணுக்குள் போயிருந்தது. அதற்குமேல் தோண்ட அவளுக்குத் துணிவில்லை.

எழுந்து அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். வாய் நிறைய இலை. இரண்டு விரலை விட்டு வழித்தெடுத்தாள். மென்ற சிவப்புக் கூழ். இன்னும் எடுத்தாள். "துப்புங்க. தயவுசெஞ்சு துப்புங்க." எல்லாம் வந்துவிட்டது.

ஓர் இலை மட்டும் வரவில்லை.

சின்ன இலை. பச்சையும் சிவப்புமாக, இப்போதுதான் விரிந்தது. அதன் காம்பு தொண்டைக்குள் எங்கோ பிடித்திருந்தது. பிடித்து இழுத்தாள்.

அவர் கண்கள் முதல்முறையாக அவளைப் பார்த்தன. வலியில் நீர் கோத்தன. அவர் மூச்சு வெளியேறும்போதெல்லாம் அந்த இலை அவள் விரலிடுக்கில் நடுங்கியது.